பச்சை வெளிச்சத்தில் ஒரு கை

"வலது கையைத் தொடாதீங்க தாயி, அந்தப் பக்கம் ஆபரேசன். இடது கையில முழங்கை மடிப்புல இருந்தது செத்துப்போச்சு. புறங்கையில குத்துனா வீங்கிரும். மணிக்கட்டுக்கு மேல நாலு விரல் தள்ளி, வெளிப்பக்கமாத் தடவிப் பாருங்க. அங்க ஒண்ணு சிக்கும்."

மேலூர்ப் பக்கத்திலிருந்து வரும் அந்த அம்மா சேரில் உட்கார்ந்ததும் முதலில் சொல்வது இதைத்தான். அறுபதைத் தாண்டியவர். வலது மார்பகத்தையும் அக்குளில் இருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்தாகிவிட்டது. அதனால் அந்தக் கையில் ஊசி போடக்கூடாது என்று டாக்டர் ஃபைலின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதியிருந்தார். மிச்சம் இருப்பது ஒரே ஒரு கை. 21 நாளைக்கு ஒன்றாக நான்கு முறை 'செவப்பு மருந்து', அப்புறம் வாரம் ஒன்றாக 12 முறை வேறு மருந்து. இடையிடையே ரத்தப் பரிசோதனைகள். அத்தனையும் அந்த ஒரு கைக்குள் முடிய வேண்டும்.

நான் மதுரையில் ஸ்டாஃப் நர்ஸ். 16 வருடம் ஆகிறது. முதல் ஒன்பது வருடம் குழந்தைகள் வார்டு, இப்போது ஏழு வருடமாகக் கீமோ டே கேர். இத்தனை வருடத்தில் நான் அதிகம் செய்த வேலை எது என்று கேட்டால் வென்ஃப்ளான் போடுவது, அதாவது மருந்து ஏற்றுவதற்காக ரத்தக்குழாய்க்குள் ஊசி வழியாக மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகுவது என்றுதான் சொல்வேன். அதிகம் பயந்த வேலையும் அதுதான். "நரம்பு கிடைக்கலையா சிஸ்டர்?" என்று கேட்பார்கள். நாம் தேடுவது நரம்பு இல்லை, ரத்தக்குழாய். புத்தகத் தமிழில் சிரை. ஆனால் வார்டில் யாரும் சிரை என்று சொல்லி நான் கேட்டதில்லை. நரம்பு என்றே எழுதுகிறேன்.

செவப்பு மருந்து என்றால் டாக்ஸோரூபிசின். பார்க்க ரோஸ்மில்க்கைவிட அடர்த்தியான சிவப்பு. நரம்புக்குள் போகிற வரைக்கும் மருந்து; நரம்பை விட்டு வெளியே கசிந்தால் சுற்றியிருக்கும் சதையையே அரித்துவிடும். புண் ஆறாமல் தோல் ஒட்டுவரைக்கும் போனவர்கள் உண்டு. அதனால் இந்த மருந்துக்கு எங்காவது ஒரு நரம்பு கிடைத்தால் போதாது, நல்ல நரம்பு வேண்டும். மூட்டில் இருக்கக்கூடாது. முன்பே குத்திய இடத்துக்குக் கீழே குத்தக்கூடாது. பின்னால் இழுத்தால் ரத்தம் தாராளமாக வர வேண்டும். நெஞ்சில் தோலுக்கடியில் போர்ட் (பெரிய ரத்தக்குழாயோடு இணைத்து, அதன் வழியாக மருந்து ஏற்றும் சின்னப் பெட்டி) வைத்துக்கொள்வதுதான் இதற்குச் சரியான வழி. அந்த அம்மாவிடம் டாக்டர் இரண்டு தடவை எடுத்துச் சொன்னார். செலவை நினைத்தோ இன்னொரு அறுவை சிகிச்சையை நினைத்தோ, "கையிலயே பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

எங்களிடம் வெயின் ஃபைண்டர், அதாவது தோலுக்கடியில் இருக்கும் நரம்பை வெளிச்சமடித்துக் காட்டும் மெஷின் ஒன்று இருந்தது. மருந்து அலமாரியின் கீழ்த்தட்டில், பெட்டிக்குள், துணி சுற்றி. விலை சில லட்சம் என்பதால் அதை எடுக்கவே எல்லோருக்கும் பயம். முதலில் ஒருவர் குத்திப் பார்ப்பார், கிடைக்காவிட்டால் சீனியர் ஒருவர், அவருக்கும் கிடைக்காவிட்டால் "அந்த மெஷினை எடுங்க" என்று குரல் வரும். சார்ஜ் இருக்காது. அதற்கு ஒரு கால் மணி நேரம்.

அந்த அம்மாவின் மூன்றாவது செவப்பு மருந்து அன்று இப்படித்தான் நடந்தது. நான் இரண்டு தடவை குத்தினேன், என் சீனியர் இரண்டு தடவை. நான்கும் வீங்கிவிட்டன. அப்புறம்தான் மெஷின் வந்தது. கையின் மேல் பச்சை வெளிச்சம் விழுந்தபோது நான் பார்த்ததை மறக்க முடியவில்லை. தெளிவான கோடுகள் தெரிய வேண்டிய இடத்தில் நான்கு கறுப்புத் திட்டுகள். நாங்கள் குத்திய இடங்களில் தோலுக்கடியில் ரத்தம் பரவி, மெஷினின் கண்ணையும் மறைத்துவிட்டது. முதலிலேயே எடுத்திருந்தால் அந்தத் திட்டுகளுக்கு அடியில் இருந்த நரம்பு தெரிந்திருக்கும். அன்று மருந்து ஏற்றவில்லை. ஐந்து நாள் கழித்து வரச் சொல்லி அனுப்பினோம். மேலூர் பஸ் ஏற வெளியே போகும்போது அந்த அம்மா இடது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு போனார்.

அன்று இரவுதான் அந்த மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று உட்கார்ந்து படித்தேன். அதற்கு முன் அதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

டிவி ரிமோட்டில் இருக்கும் அதே வகை வெளிச்சம்தான் இதிலும். சிவப்பை அடுத்து வரும் அகச்சிவப்பு ஒளி, ஏறக்குறைய 750 முதல் 950 நானோமீட்டர் வரை. நம் கண்ணுக்குத் தெரியாது. தோலுக்குள்ளும் கொழுப்புக்குள்ளும் புகுந்து சிதறித் திரும்பி வரும். ஆனால் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் அதை உறிஞ்சிக்கொள்ளும். ஆகவே நரம்பு ஓடும் இடத்திலிருந்து மட்டும் வெளிச்சம் குறைவாகத் திரும்பும். கேமரா அந்த இருட்டைப் படம் பிடித்து, கண்ணுக்குத் தெரியும் நிறத்தில் அதே இடத்தில் கையின் மேலேயே திரும்பப் பாய்ச்சும். கையே திரை. சில மெஷின்களில் பச்சை, சிலவற்றில் சிவப்பு. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், டென்னசி பல்கலைக்கழகத்தில் ஹெர்பர்ட் ஸீமன் என்ற பேராசிரியர் உருவாக்கிய வெயின்வியூவர்தான் இந்த வகையில் முன்னோடி. அது சக்கரம் வைத்த ஸ்டாண்டில் நின்ற பெரிய மெஷின். இப்போது அக்யூவெயின் போன்றவை ஒரு கையில் பிடிக்கிற அளவுக்குச் சுருங்கிவிட்டன.

நம் ஊர்த் தோலுக்கு இது ரொம்பப் பொருந்தும் என்று எனக்குத் தோன்றியது. நீல நிறத்தைப் பார்த்து நரம்பைக் கண்டுபிடிப்பது வெளுத்த தோலில் சாத்தியம். வெயிலில் உழைத்துக் கறுத்த கையில் கண் பார்த்துத் தெரிவது கொஞ்சம்தான். விரல்தான் தேட வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தைத் தோலின் கறுப்பு நிறமி நிறைய உறிஞ்சிவிடுகிறது. இந்த வெளிச்சத்தை அந்த அளவுக்கு உறிஞ்சுவதில்லை.

ஆனால் இதை வைத்து எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினால் ஏமாற்றம்தான். மெஷின் எடுத்த முதல் சில நாட்களில் எனக்கு அதிகம் தவறியது. அழகான கோடு தெரியும், நேராக அதன் மேல் குத்துவேன், ரத்தம் வராது. காரணம் பிறகு புரிந்தது. நரம்பு எங்கே என்று அது காட்டும், எவ்வளவு ஆழத்தில் என்று காட்டாது. 1 சென்டிமீட்டர் ஆழத்துக்குள் இருக்கும் எல்லாம் ஒரே தளத்தில் வரைந்த மாதிரிதான் தெரியும். ஊசி தோலுக்குள் போன பிறகு அதன் முனை எங்கே இருக்கிறது என்பதையும் காட்டாது. இன்னொன்று, மெஷினைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் கோடு உண்மையான இடத்தை விட்டு விலகி விழும். நேர் மேலே, நரம்பு வெளிச்சத்தின் நடுவில் வரும்படி பிடித்தால்தான் இடம் சரியாக வரும். ஒருவர் பிடிக்க, இன்னொருவர் குத்தினால் இன்னும் நல்லது.

அதனால் இப்போது நான் செய்வது இப்படி. டோர்னிக்கே (கையை இறுக்கிக் கட்டும் பட்டை) கட்டி, முதலில் விரலால் தடவிப் பார்க்கிறேன். அப்புறம் வெளிச்சம். கோடு தெரிந்ததும் அதன் மேல் ஒரு விரலை அழுத்தி வைத்துக்கொண்டு, இன்னொரு விரலால் மேல் நோக்கி வழித்துவிடுவேன். கோடு அழிந்துவிடும். கீழ் விரலை எடுத்தால் சட்டென்று கறுப்பு திரும்ப ஓடி வர வேண்டும். ஓடி வந்தால் அது உயிருள்ள நரம்பு. தயங்கித் தயங்கி வந்தாலோ, வழித்தாலும் அழியாமல் அப்படியே நின்றாலோ, உள்ளே அடைத்திருக்கலாம், அதை விட்டுவிடுவேன். நரம்பு இரண்டாகப் பிரிகிற கவட்டையும் வெளிச்சத்தில் நன்றாகத் தெரியும். நேராக ஓடும் நீளம் வென்ஃப்ளானின் நீளத்தைவிட அதிகமா என்று கையின் மேலேயே வைத்து அளந்துகொள்ளலாம். எனக்கு இந்த மெஷினின் பெரிய உபயோகமே இதுதான். எங்கே குத்துவது என்பதைவிட எங்கே குத்தக்கூடாது என்று அது சொல்லிவிடுகிறது.

குழந்தைகள் வார்டில் இருந்தபோது இது எங்களிடம் இல்லை. பத்து மாதக் குழந்தை, வயிற்றுப்போக்கில் வற்றிப்போய் வரும். கை முழுக்க மடிப்பு மடிப்பாகக் கொழுப்பு, உள்ளே நரம்பு நூல் மாதிரி சுருங்கியிருக்கும். விளக்கை அணைத்துவிட்டு, உள்ளங்கைக்கு அடியில் டார்ச்சைப் பிடிப்போம். பிஞ்சுக் கை செம்பருத்தி மாதிரி சிவந்து ஒளிரும், அதற்குள் கறுப்பாக ஒரு கோடு தெரியும். இதற்கென்றே குளிர்ந்த எல்இடி விளக்குகள் விற்கிறார்கள். சூடாகும் விளக்கைத் தோலில் ஒட்டிப் பிடித்தால் பச்சைக் குழந்தைக்குத் தீக்காயமே வந்துவிடும், அதை மட்டும் யாரும் செய்துவிடாதீர்கள். குழந்தையின் அப்பத்தா கதவுக்கு வெளியே நின்று, "போதும் விடுங்கம்மா, புள்ளைய சல்லடையாக்கிறாதீங்க" என்று அழுதது இன்னும் காதில் இருக்கிறது.

குழந்தைகளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கும் என்று முன்கூட்டியே கணிக்க ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது, 2008-இல் வந்தது. டோர்னிக்கே கட்டியும் நரம்பு தெரியாவிட்டால் 2, தடவினால் தட்டுப்படாவிட்டால் 2, ஒரு வயதுக்குள் என்றால் 3, ஒரு வயது முடிந்து மூன்று வயதுக்குள் என்றால் 1, குறைமாதத்தில் பிறந்தது என்றால் 3. கூட்டினால் 4 அல்லது அதற்கு மேல் வந்தால், முதல் குத்தில் கிடைக்காமல் போக பாதிக்கு மேல் வாய்ப்பு. இது தெரிந்திருந்தால் அந்தப் பத்து மாதக் குழந்தையை, அன்றுதான் சேர்ந்த ஜூனியர் கையில் முதலில் கொடுத்திருக்க மாட்டோம்.

வெயின் ஃபைண்டரைக் குழந்தைகளிடம் சோதித்துப் பார்த்த ஆய்வுகளில் பலவற்றில், எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால் முதல் குத்து வெற்றி கூடவில்லை. ஆரம்பத்தில் இதைப் படித்தபோது மனம் விட்டுப்போனது. யோசித்தால் அது நியாயம்தான். விரலுக்கே தட்டுப்படுகிற நரம்புக்கு வெளிச்சம் எதற்கு? கஷ்டமான கைகளைத் தனியாகப் பிரித்துப் பார்க்கும்போதுதான் பலன் தெரிகிறது. எல்லோருக்கும் எடுக்க வேண்டாம், யாருக்கு வேண்டுமோ அவர்களுக்கு முதல் குத்துக்கு முன்பே எடுக்க வேண்டும்.

சரி, 1 சென்டிமீட்டருக்குக் கீழே இருக்கும் நரம்புக்கு என்ன செய்வது? அங்கே இந்த வெளிச்சம் போகாது. அல்ட்ராசவுண்ட்தான்.

போன வருடம் ஒரு அக்காவை அழைத்து வந்தார்கள். நூறு கிலோவுக்கு மேல் எடை, பல வருடச் சர்க்கரை, காய்ச்சலில் ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையிலும் ஒன்றும் இல்லை. பச்சை வெளிச்சத்தில் வெறும் பச்சைதான் தெரிந்தது. அனஸ்தீஷியா மேடம் ஸ்கேன் மெஷினோடு வந்து, மேல்கையின் உள்பக்கம் ஜெல் தடவி, தோலின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவியான புரோபை வைத்தார். திரையில் இரண்டு கறுப்பு வட்டங்கள். ஒன்று துடித்தது. "அது தமனி, அதுக்குப் பக்கத்துல போகக்கூடாது" என்றார். இன்னொன்றை நோக்கிப் புரோபை லேசாக அழுத்தியதும், அது கண் மூடுவது போல மூடிக்கொண்டது. விட்டால் திறந்தது. "அழுத்துனா மூடுதுல்ல, அதான் நம்ம ஆளு." ஊசியின் முனை ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது. புரோபை ஒரு மயிரிழை முன்னே நகர்த்துவார், புள்ளி மறையும். ஊசியை ஒரு மயிரிழை தள்ளுவார், புள்ளி திரும்ப வரும். அப்படியே கறுப்பு வட்டத்துக்குள் அந்த வெள்ளைப் புள்ளி நுழைந்து நடுவில் நின்றதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 16 வருடமாகக் கண்ணைக் கட்டிக்கொண்டு செய்த வேலையை ஒருவர் கண் திறந்து செய்கிறார்.

மேடம் ஒரு கணக்கும் சொல்லித் தந்தார். நரம்பு 1 சென்டிமீட்டர் ஆழத்தில் இருந்து, 45 டிகிரியில் குத்தினால், நரம்பைத் தொடுவதற்குள்ளேயே 14 மில்லிமீட்டர் செலவாகிவிடும். நீல வென்ஃப்ளானின் மொத்த நீளம் 25 மில்லிமீட்டர்தான். மிச்சம் 11. அந்த அக்கா கையை ஒரு தடவை மடக்கினாலே வெளியே வந்துவிடும். அதனால்தான் ஆழமான நரம்புக்கு நீளமான வென்ஃப்ளான் வேண்டும். ஆழத்தில் போட்டதைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளவும் வேண்டும், கசிந்தால் மேலே வீக்கம் தெரியவே நேரமாகும். செவப்பு மருந்துக்கு நாங்கள் இந்த வழிக்குப் போகாததும் அதனால்தான்.

வெளிநாடுகளில், பயிற்சி எடுத்த நர்ஸ்களே அல்ட்ராசவுண்ட் பார்த்து லைன் போடுகிறார்கள். இங்கே நான் புரோபைத் தொட முடியாது. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று காட்டக்கூடிய எந்த ஸ்கேன் மெஷினாக இருந்தாலும் பதிவு செய்ய வேண்டும், அதை இயக்குபவருக்குத் தகுதி இருக்க வேண்டும், பதிவான இடத்தை விட்டு நினைத்தபடி தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. நான் உசிலம்பட்டிப் பக்கம் பிறந்தவள். அந்தச் சட்டம் எதற்காக வந்தது என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அதைத் தளர்த்தச் சொல்லி ஒருநாளும் கேட்க மாட்டேன். கை நரம்பை மட்டும் பார்க்கிற, வயிற்றைப் பார்க்கவே முடியாத ஒரு மெஷினை, பயிற்சியும் பதிவேடும் வைத்து நர்ஸ்கள் கையில் கொடுக்க ஒரு வழி செய்யலாமே என்றுதான் கேட்கிறேன். இரவு இரண்டு மணிக்கு அனஸ்தீஷியா டாக்டர் தியேட்டரில் இருப்பார். நரம்பு கிடைக்காத நோயாளி எங்களிடம் இருப்பார்.

இதைப் படிப்பவர்களில் கை கிடைக்காதவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எந்த இடத்தில் கிடைத்தது, எது கெட்டுப்போனது என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். "எங்களுக்குத் தெரியும்" என்று யாராவது முகம் சுளித்தாலும் சொல்லுங்கள். டாக்டர் தண்ணீரைக் குறைக்கச் சொல்லாதவர்கள் முதல் நாளே நன்றாகக் குடித்துவிட்டு வாருங்கள். ஏசி அறையில் உட்கார்ந்தால் கையைப் போர்த்தி வைத்திருங்கள். குளிர்ந்த கையில் நரம்பு சுருங்கிவிடும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முன்கையில் குத்த விடாமல் புறங்கையைக் காட்டுங்கள், பின்னால் டயாலிசிஸ் என்று வந்தால் அந்த முன்கை நரம்புதான் உங்கள் சொத்து. ஒருவர் இரண்டு தடவை குத்திக் கிடைக்கவில்லை என்றால் அதற்கு மேல் அவரே முயற்சி செய்யக்கூடாது, ஆளையோ முறையையோ மாற்ற வேண்டும். சர்வதேச வழிகாட்டுதல்களும் இதைத்தான் சொல்கின்றன. "வேற யாராவது பார்க்கலாமா சிஸ்டர்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. எங்களுக்கே அது நிம்மதிதான்.

அந்த அம்மா ஐந்து நாள் கழித்து வந்தார். மெஷின் அன்று ட்ராலியின் மேல்தட்டில், முழு சார்ஜில் இருந்தது. வெந்நீரில் நனைத்த துண்டை முன்கையில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்தேன். பிறகு சேர் பக்கத்து ஜன்னல் திரையை இழுத்துவிட்டு வெளிச்சத்தைக் காட்டினேன். அவர் குனிந்து தன் கையைப் பார்த்தார்.

"ஏத்தா, இது பெரியாத்துக் கால்வாய் மாதிரில்ல கெளை கெளையாப் போகுது!"

"ஆமாம்மா. இந்தப் பக்கம் பாருங்க, இது பாதியிலேயே நின்னுருச்சு."

"கடைமடைக்குத் தண்ணி ஏறலை. அத விட்ரு. இந்தா, இதுல ஓடுது பாரு." அவரே விரலை வைத்துக் காட்டினார். நான் வழித்துப் பார்த்தேன். கறுப்பு உடனே திரும்ப ஓடி வந்தது. மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல், வெளிப்பக்கம். முதல் குத்திலேயே கிடைத்தது.

அன்றிலிருந்து அவர் ஃபைலில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். இடது கையை அதன் மேல் வைத்துப் பேனாவால் சுற்றி வரைந்த படம். ஒவ்வொரு தடவையும் எங்கே குத்தினோம், எந்தக் கலர் வென்ஃப்ளான், எத்தனையாவது குத்தில் கிடைத்தது என்று தேதியோடு அதில் குறிக்கிறோம். வாராந்திர மருந்தில் போன செவ்வாய்க்கிழமை ஒன்பதாவது. நான் லீவில் இருந்தேன். பயிற்சிக்கு வந்திருக்கும் மாணவி மெஷினைப் பிடிக்க, என் ஜூனியர் போட்டிருக்கிறாள். திரும்பி வந்ததும் முதலில் அந்தத் தாளைத்தான் எடுத்துப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே மூன்று விரல், உள்பக்கம், நீலம், முதல் குத்து. அதற்குப் பக்கத்தில், நடுங்கும் எழுத்தில் அந்த அம்மாவே தன் கையெழுத்தைப் போட்டிருக்கிறார்.